எண்ணெய் ஊறும் நாட்டில் எதற்கு மைலேஜ் கார்? ஸ்டூடிபேக்கர் சாம்பியன் பற்றி ஒரு கேள்வி

கெடிலக்கரை (கடலூர், மஞ்சக்குப்பம்):

எல்லோருக்கும் வணக்கம். பாண்டி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய புத்தகம் விற்பவரிடம் அமெரிக்கப் பத்திரிகையிலிருந்து கிழித்த தாள் ஒன்று கிடைத்தது. 1941ஆம் வருடத்து விளம்பரம். ஸ்டூடிபேக்கர் சாம்பியன் என்று ஒரு கார். நீளமான பானட், உருண்டையான டிக்கி, பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் விளம்பரம் அழகைப் பற்றி அதிகம் பேசவில்லை. பெட்ரோல் மிச்சம், செலவு குறைவு என்றே அடித்துச் சொல்கிறது.

எனக்கு இது புரியவில்லை. அந்தக் காலத்து அமெரிக்கக் கார் என்றாலே படகு மாதிரி இருக்கும், பெட்ரோலைக் குடிக்கும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். அவர்கள் ஊரில் எண்ணெய்க் கிணறு நிறைய. அப்புறம் யாருக்காக இந்த மைலேஜ் கார்? போர்க்காலத்தில் நம் பக்கம் பெட்ரோல் கிடைக்காமல் கரி பஸ் ஓடியதாகத் தாத்தா சொல்வார். பஸ்ஸுக்குப் பின்னால் அடுப்பு மாட்டி, கண்டக்டர் கரி அள்ளிப் போட்டு விசிறியைச் சுற்றுவாராம். அமெரிக்காவிலும் அப்படித் தட்டுப்பாடு இருந்ததா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆறு சிலிண்டர் (புதுச்சேரி, லாஸ்பேட்டை):

முதலில் ஒன்று. இதைச் சின்னக் கார் என்று சொல்வது அவர்கள் கணக்கில்தான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 110 அங்குலம். நம் அம்பாசடருக்கு 97 அங்குலம்தான். அம்பாசடர் எஞ்சின் 1,489 சிசி, சாம்பியனுடையது 2.7 லிட்டர், ஆறு சிலிண்டர். நம் தெருவில் கொண்டுவந்து நிறுத்தினால் பெரிய மனிதர் வீட்டு வண்டி என்று தள்ளி நிற்போம். பெட்ரோல் ரேஷன் விவரத்துக்குப் பழைய ஸ்பேனர் ஐயா வரட்டும்.

பழைய ஸ்பேனர் (முதலியார்பேட்டை):

வந்துவிட்டேன். தம்பி, முதல் காரியமாக அந்தத் தாளை லேமினேஷன் பண்ணிவிடாதீர்கள். கடல் காற்றுக்கு அதுதான் நல்லது என்பார்கள், நம்பாதீர்கள். ஒரு தடவை ஒட்டினால் ஒட்டினதுதான்.

இப்போது காருக்கு வருவோம். ஸ்டூடிபேக்கர் சகோதரர்கள் 1852இல் இந்தியானா மாநிலத்து சவுத் பெண்ட் ஊரில் கொல்லுப்பட்டறை போட்டு, குதிரை வண்டி செய்து பெரிய ஆளானவர்கள். கார் எல்லாம் அதற்கு ரொம்பப் பிறகு. 1929க்கு அப்புறம் வந்த பொருளாதாரச் சரிவில் கம்பெனி படுத்துவிட்டது. 1933இல் கோர்ட் நியமித்த நிர்வாகத்துக்குக் கீழே போனது. தலைவராக இருந்த ஆல்பர்ட் எர்ஸ்கின் அதே வருடம் தற்கொலை செய்துகொண்டார். பால் ஹாஃப்மன், ஹரால்டு வான்ஸ் என்று இரண்டு பேர்தான் கம்பெனியைத் தூக்கி நிறுத்தினார்கள். ஆனால் மலிவு விலைக் கார் வியாபாரம் முழுக்க ஃபோர்டு, செவர்லே, பிளிமத் மூன்றின் கையில். அந்த விலையில் ஒரு வண்டி இல்லாவிட்டால் அடுத்த சரிவுக்குக் கம்பெனி தாங்காது. அப்படி 1939இல் வந்ததுதான் சாம்பியன். ஆரம்ப மாடல் விலை 660 டாலர்.

ஆகவே இது போருக்காகச் செய்த வண்டி இல்லை. பஞ்ச காலத்துப் பிள்ளை. சிக்கனம் அதன் உடம்போடு பிறந்தது.

மைலேஜ் எங்கிருந்து வந்தது என்றால், எடையிலிருந்து. இதை நான் அடித்துச் சொல்வேன். இருந்த பெரிய மாடலைச் சுருக்கிச் செய்யாமல், சேசிஸிலிருந்து எஞ்சின் வரைக்கும் இதற்கென்றே வரைந்தார்கள். தலைமை என்ஜினியர் ராய் கோல். ஒவ்வொரு பாகத்திலும் வலுவுக்கு வேண்டிய இரும்பை வைத்துவிட்டு மற்றதைக் குறைத்தார்கள். கடைசியில் வண்டி 2,300 பவுண்டு சொச்சம், நம் கணக்கில் ஆயிரம் கிலோவும் கொஞ்சமும். அதே விலையில் விற்ற மற்ற வண்டிகளை விட 400, 500 பவுண்டு குறைவு. எடை குறைந்தால் எஞ்சின் சின்னதாக இருந்தால் போதும். எஞ்சின் சின்னதானால் ரேடியேட்டர், கிளட்ச், ஸ்பிரிங் எல்லாம் சின்னதாகும். ஒன்று குறைய ஒன்று குறையும்.

ஆரம்ப மாடலில் எஞ்சின் 164 கன அங்குலம். சிலிண்டரின் குறுக்களவு 3 அங்குலம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், அதாவது ஸ்டிரோக், 3 அங்குலமும் எட்டில் ஏழு பங்கும். 78 குதிரைத் திறன். சைடு வால்வு, அதாவது வால்வு எல்லாம் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டில் இல்லாமல், அடியில் உள்ள பிளாக்கின் பக்கவாட்டில் நிற்கும். வெளித்தோற்றத்துக்கு ரேமண்ட் லோவியைப் பிடித்தார்கள். கோக் விற்கும் யந்திரம், ரயில் எஞ்சின் என்று எதையெல்லாமோ அழகுபடுத்திய மனுஷன். மலிவுக் காருக்குப் பெரிய டிசைனர் எதற்கு என்று நினைக்கவில்லை பாருங்கள், அங்கேதான் கம்பெனியின் கெட்டிக்காரத்தனம்.

இந்த எஞ்சினை நான் கையால் தொட்டிருக்கிறேன். மாமா ஷெட்டில் எடுபிடியாக இருந்த வயதில், பண்ருட்டிப் பக்கம் முந்திரி வியாபாரம் செய்த ஒருவரின் சாம்பியன் வரும். போருக்குப் பிந்திய மாடல், ஆனால் எஞ்சின் இதே எஞ்சின்தான். ஹெட்டைக் கழற்ற ஒரு ஆள் போதும், தட்டையான இரும்புப் பலகைதானே. வால்வைத் தூக்கும் டாப்பெட்டின் இடைவெளியை செட் பண்ணுவதுதான் பாவம். அது மேனிஃபோல்டுக்கு அடியில் பக்கவாட்டு மூடிக்குள்ளே இருக்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போதே மெல்லிய கேஜ் தகட்டை விட்டுப் பார்க்கவேண்டும் என்பார் மாமா. இரண்டு ஸ்பேனரும் ஒரு கேஜும் பிடித்துக்கொண்டு முழங்கை வரைக்கும் உள்ளே விட்டால், வெளியே எடுக்கும்போது முன்கையில் ஒரு கோடு விழுந்திருக்கும். எனக்கு இன்னும் இருக்கிறது. ஹெட் கேஸ்கட், ரிங் எதுவும் இங்கே கிடைக்காது. மெட்ராஸ் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போய் வரவேண்டும், அங்கேயும் இல்லையென்றால் புதுப்பேட்டை.

இன்னொரு சங்கதி ஓவர் டிரைவ். கூடுதல் காசு கொடுத்தால் வரும். மூன்று கியர் பெட்டியின் வாலில் இன்னொரு சின்னப் பெட்டி. வேகம் பிடித்த பிறகு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை ஒரு நொடி எடுத்தால் உள்ளே தானாக விழும். அதன் பிறகு அதே வேகத்துக்கு எஞ்சின் ஏறத்தாழ 30 சதவீதம் குறைவாகச் சுற்றும். சத்தம் அடங்கும், பெட்ரோல் மிஞ்சும், எஞ்சின் தேய்மானமும் குறையும். ஒரே வம்பு, மெதுவாக இறக்கத்தில் போகும்போது கியர் வண்டியைப் பிடிக்காது, சைக்கிள் மாதிரி உருளும். பழகாத டிரைவர் பயந்துபோவார். டேஷ்போர்டில் ஒரு பிடி இருக்கும், அதை இழுத்து ஓவர் டிரைவைப் பூட்டிவிட்டால் சாதாரண வண்டி.

கேலனுக்கு 25, 27 மைல் நல்ல கையில் கொடுத்தது. அமெரிக்க கேலன் 3.8 லிட்டர்தான், நம் பழைய கேலன் நாலரை லிட்டர். அதைக் குழப்பிக்கொள்ளாமல் கணக்குப் போட்டால் லிட்டருக்குப் பதினோரு கிலோமீட்டர். அம்பாசடர் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொள்ளலாம்.

கெடிலக்கரை:

ஐயா, இவ்வளவு விவரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. ஆனால் ரேஷன் பற்றிச் சொல்லவில்லையே. எண்ணெய் இருந்தும் ரேஷனா?

பழைய ஸ்பேனர்:

அதற்குத்தான் வருகிறேன், இடையில் டீ வந்துவிட்டது.

ரேஷன் இருந்தது. ஆனால் பெட்ரோல் இல்லாததால் என்று நினைத்தால் பாதிதான் சரி. கிழக்குக் கடற்கரை மாநிலங்களில் 1942 மே மாதம் ஆரம்பித்தது. அங்கே காரணம் ஜெர்மன் நீர்மூழ்கிகள். டெக்சாஸ் பக்கத்திலிருந்து எண்ணெய் கொண்டுவந்த கப்பல்களைக் கரைக்குப் பக்கத்திலேயே மூழ்கடித்தார்கள். ஆனால் 1942 டிசம்பர் 1 முதல் நாடு முழுக்க ரேஷன் போட்டார்களே, எண்ணெய்க் கிணறு பக்கத்திலேயே இருந்த டெக்சாஸ்காரனுக்கும் சேர்த்து, அது பெட்ரோலுக்காக இல்லை. டயருக்காக!

ஜப்பான்காரன் 1941 டிசம்பர் 8 அன்று மலாயாவில் கோத்தா பாருவில் இறங்கினான். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. டச்சுக்காரர்களின் ஜாவா, சுமத்ராவும் போயிற்று. அமெரிக்காவுக்கு வந்த ரப்பரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இந்தப் பக்கத்திலிருந்துதான். ஒரே அடியில் அத்தனையும் நின்றது. அதனால் அமெரிக்காவில் முதலில் ரேஷனுக்குப் போனது சர்க்கரையும் இல்லை, பெட்ரோலும் இல்லை. டயர்தான், 1942 ஜனவரியிலேயே. ஒரு காருக்கு ஐந்து டயர், அதற்கு மேல் வைத்திருந்தால் சர்க்காரிடம் ஒப்படைக்கவேண்டும். நாடு முழுக்க வேகக் கட்டுப்பாடு மணிக்கு 35 மைல். வண்டி ஓடினால்தானே டயர் தேயும்? ஓடவிடாமல் செய்ய ஒரே வழி பெட்ரோலைப் பிடிப்பது. பிடித்தார்கள்.

கார்க் கண்ணாடியில் எழுத்து போட்ட ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். சாதாரண ஆளுக்கு ஏ. வாரத்துக்கு 4 கேலன், பிறகு பல இடங்களில் 3. வேலைக்குக் கார் வேண்டும் என்று நிரூபித்தால் பி, டாக்டர் போன்றவர்களுக்கு சி. ஸ்டிக்கரின் உள்பக்கம், டிரைவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, ‘இந்தப் பயணம் அவசியம்தானா?’ என்று அச்சடித்திருந்தார்கள். மாமியார் வீட்டுக்குப் போகிறவன் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டவேண்டியதுதான்.

இப்போது சாம்பியனைக் கணக்கில் வையுங்கள். 3 கேலனில் சாம்பியன் 80 மைல் போகும். கேலனுக்கு 15 மைல் கொடுக்கிற பெரிய வண்டி 45 மைல். வாரம் முழுக்க ஆலைக்குப் போய்வரவும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவும் ஒருவனுக்கு முடியும், இன்னொருவனுக்கு முடியாது. எடை குறைவு என்பதால் டயரும் கூடுதல் நாள் உழைக்கும். அதுவும் ரேஷனில் பெரிய வரம். புது வண்டியும் கிடையாது, ஏனென்றால் ஸ்டூடிபேக்கர் 1942 ஜனவரி 31 அன்று பொதுமக்களுக்கான கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. மற்ற கம்பெனிகளும் பிப்ரவரியோடு நிறுத்தின. இருந்த சாம்பியன்தான் சாம்பியன். வைத்திருந்தவன் விற்க மனசு வராமல் வைத்துக்கொண்டான்.

நெல்லிக்குப்பத்துக்காரி:

நான் இந்தக் குழுவில் பெரும்பாலும் படிப்பதோடு சரி. கார் விஷயம் தெரியாது. ரப்பர் என்றதும் எழுதவேண்டும் போல் இருந்தது.

எங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போனவர். பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். ஆயாவும் பால் வெட்டியவர்தான். இருட்டோடு பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் மரங்களை வெட்டி முடிக்கவேண்டும், வெயில் வந்தால் பால் நின்றுவிடும் என்பார். மங்கில் சொட்டும் பாலைச் சேர்த்து ஸ்டோருக்குத் தூக்கிப் போவது, மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலைக்கூட உரித்துக் கூடையில் போடுவது எல்லாம் கதை கதையாகச் சொல்லுவார்.

ஜப்பான்காரன் வந்த பிறகு வெட்டிய பாலை வாங்க ஆள் இல்லை. வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டான், சம்பளம் இல்லை, அரிசி இல்லை. தோட்டத்து ஓரத்தில் மரவள்ளி நட்டு அதைத்தான் தின்றார்களாம். தாத்தாவின் அண்ணனை சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. வீட்டில் இன்றைக்கும் மரவள்ளிக்கிழங்கு வாங்கமாட்டோம், ஆயா காலத்துப் பழக்கம்.

ஸ்பேனர் ஐயா, அமெரிக்காக்காரன் வாரத்துக்கு 3 கேலனில் சமாளித்ததை நீங்கள் ரசித்து எழுதியிருக்கிறீர்கள். அந்த மரத்தை வெட்டிய ஆட்கள் என்ன ஆனார்கள் என்பதும் இந்த இழையில் இருக்கட்டும்.

பழைய ஸ்பேனர்:

இருக்கட்டும் அம்மா, கட்டாயம் இருக்கட்டும். அமெரிக்காவுக்கு அப்புறம் வழி பிறந்தது. பெட்ரோலியத்திலிருந்தும் சாராயத்திலிருந்தும் செயற்கை ரப்பர் செய்ய அரசாங்கமே ஆலைகளைக் கட்டியது, 1944, 45இல் அதுதான் டயருக்குப் போனது. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அப்படி ஒரு மாற்று வழி எவனும் யோசிக்கவில்லை. உங்கள் ஆயா சொன்னதையெல்லாம் எழுதி வைத்துவிடுங்கள்.

ஆறு சிலிண்டர்:

அம்மா எழுதியதைப் படித்த பிறகு கார்ப் பேச்சுக்குத் திரும்பத் தயக்கமாக இருக்கிறது. இருந்தாலும் ஒரு ஆட்சேபம். போர்க்காலச் சிக்கனக் கார் என்று சாம்பியனை மட்டும் தூக்கிப் பிடிப்பது சரியா? வில்லிஸ் அமெரிக்கார் இருந்ததே, ஒஹையோ மாநிலத்து டொலிடோவில் செய்தது. 63 குதிரைத் திறன், நாலு சிலிண்டர். அதே எஞ்சின்தான் ஜீப்பில் போய் உட்கார்ந்தது. மஹிந்திரா ஜீப் வழியாக நம் ஊருக்கும் அந்த வம்சம் வந்தது. சின்சினாட்டியில் ரேடியோ செய்துகொண்டிருந்த பவல் கிராஸ்லி 1939இல் இரண்டு சிலிண்டர் காரை 325 டாலருக்கு விற்றார், அதுவும் மேசிஸ் மாதிரி ஜவுளி, பாத்திரம் விற்கும் பெரிய கடையில் வைத்து. அதுதான் நிஜமான சின்னக் கார்.

பழைய ஸ்பேனர்:

கிராஸ்லியைச் சொல்லாதீர்கள் சார். எடை ஆயிரம் பவுண்டுகூட இல்லை, மைலேஜ் கேலனுக்கு 50ஐத் தொட்டது, எல்லாம் சரி. ஆனால் குடும்பத்தோடு ஏறி ஊர்விட்டு ஊர் போகிற வண்டியா அது? ஸ்கூட்டர் வாங்க வழியில்லாதவன் குடை பிடித்துக்கொண்டு போகிற ஏற்பாடு. அமெரிக்கார் நல்ல வண்டி, எஞ்சின் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பென்சில்வேனியாவில் பேன்டம் என்று இன்னொரு சின்னக் கார்க் கம்பெனி இருந்தது. முதல் ஜீப்பைச் செய்து 1940 செப்டம்பரில் ராணுவத்திடம் கொடுத்தது அவர்கள்தான், பெரிய ஆர்டர் போனது வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும். கடைசியில் பேன்டத்துக்கு டிரெய்லர் செய்கிற வேலை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும்.

ஆனால் சாம்பியன் எஞ்சினும் போருக்குப் போனது, அதை மறந்துவிட்டீர்கள். வீசல் என்று சங்கிலிப் பட்டையில் ஓடும் ஒரு வண்டி, எம் 29. பனியில் ஓட்டுவதற்காக யோசித்தது, சேறு, மணல் எல்லாவற்றிலும் ஓடியது. உள்ளே இருந்தது இதே ஆறு சிலிண்டர்தான். ஏறத்தாழ 15,000 செய்தார்கள். ஸ்டூடிபேக்கர் ராணுவ லாரிகளோ தனிக் கதை. பெரும்பாலும் ரஷ்யாவுக்குப் போயின, அவற்றின் முதுகில்தான் கத்யூஷா ராக்கெட் ஏற்றினார்கள். அந்த லாரிகளில் ஹெர்குலிஸ் கம்பெனியின் எஞ்சின். எடை கம்மி என்று சாம்பியன் எஞ்சினை அதில் வைத்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

போர் முடிந்ததும் ஸ்டூடிபேக்கர் முதலில் விற்றது சாம்பியனை மட்டும்தான், 1942 மாடலுக்குக் கொஞ்சம் அலங்காரம் பண்ணி. 1947க்குப் புது உடம்பு. அந்த எஞ்சின் ஸ்டிரோக் கூட்டி, ஹெட்டை மாற்றி என்று 1964 வரைக்கும் தாக்குப்பிடித்தது. காரின் பெயர் 1958இலேயே போய்விட்டது.

ஆறு சிலிண்டர்:

சரி ஐயா, கிராஸ்லியை வாபஸ் வாங்குகிறேன். ஒரு சந்தேகம். வில்லியனூர்ப் பக்கம் ஒரு பழைய அரிசி மில் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு ஒரு வண்டி நிற்கிறது. பின்கண்ணாடி பக்கவாட்டு வரைக்கும் வளைந்து வருகிறது. எது முன்பக்கம், எது பின்பக்கம் என்றே தெரியவில்லை. ஸ்டூடிபேக்கராக இருக்குமா?

பழைய ஸ்பேனர்:

பின்கண்ணாடி நாலு துண்டாகச் சேர்த்துச் சுற்றி வந்தால் ஸ்டூடிபேக்கர் கூப்பே, அதாவது இரண்டு கதவு வண்டிதான். அந்தக் குழப்பத்தை வைத்து அமெரிக்காவிலேயே கேலி பண்ணினார்கள். தார்ப்பாயை முன்பக்கம் தூக்கிப் பாருங்கள். விமான மூக்கு மாதிரி நடுவில் கூராக ஒரு வட்டம் இருந்தால் 1950 அல்லது 51, இல்லாவிட்டால் அதற்கு முந்தியது அல்லது 52. பானட்டைத் திறக்கவிட்டால், எஞ்சினுக்கு மேலே ஹெட் தட்டையாக, ஆறு பிளக்கும் மேலே நேராக நிற்கிறதா என்று கவனியுங்கள். மில்காரர் விற்கிற யோசனையில் இருந்தால் விலை பேசுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். டாப்பெட் நான் பார்க்கமாட்டேன், அதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.